கொட்டாங்குச்சிப் புகை

தலையில் ஷாம்பூ நுரையோடு, நைட்டிமேல் ரெயின்கோட் மாட்டிக்கொண்டு, ஆக்லாந்தின் காலைத் தூறலில் நிற்கிறேன். வீட்டுக்குப் பின்னாலிருக்கும் விறகு பாய்லர் பாதிக் குளியலில் மூச்சடைத்துப்போய், குழாயில் பச்சைத் தண்ணீர்தான் வருகிறது. அதன் காற்றுத் துளைகளை என் கணவர் மனோஜ் கரகரவென்று கம்பியால் குடைகிறார். கறுப்புப் பிசின் கட்டிகட்டியாக உதிர்கிறது. "கொட்டாங்குச்சிய போடாதீங்க, அதோட எண்ணெய்தான் ஓட்டைய அடைக்குதுன்னு எத்தனை தடவ சொல்றது?" "சும்மா இரும்மா, விறகு ஈரம்." கடைசித் துளையும் திறக்க, உஸ்ஸென்று காற்று ஏறி, சாம்பலுக்குள் கங்கு சிவக்கிறது. அவர் முகமும்தான். "இப்ப பாரு, சட்டுனு சூடாயிடும்!" என்றபடி வாளியிலிருந்து இரண்டு கை கொட்டாங்குச்சியை அள்ளி உள்ளே போடுகிறார். கண்ணில் இறங்கிய நுரையைத் துடைத்துக்கொள்கிறேன். "கம்பிய எங்கயும் வெச்சிராதீங்க. கையிலயே இருக்கட்டும்."