நரிக்குச் சொல்ல வேண்டிய வரி

அந்த ஒரு வரியில் அவன் நாலாவது தடவையாக இடறினான்.

கண்ணாடிக்கு அப்பால் வத்சலா கையை உயர்த்தினாள். ஒலிப்பதிவு நின்றது.

யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். பன்னிரண்டு வருஷமாக விலங்குப் படங்களுக்குத் தமிழ் பேசுகிறவன். அவன் குரலில் இதுவரை ஒரு லட்சம் மான்களாவது செத்திருக்கும். காட்டெருமைகள் தனி. ஒரு திமிங்கலம் கரையொதுங்கி உயிர்விட்ட அன்று, முடித்த கையோடு போய் இரண்டு செட் பூரி சாப்பிட்டுவிட்டு வந்து நீர்யானையை ஆரம்பித்தவன்.

இன்றைக்கு ஒரு நரி. அதுவும் பூனை அளவு.

வௌவால் காது நரி என்று பெயர். ஆப்பிரிக்கப் புல்வெளி. காதுகளைச் செய்து முடித்துவிட்டு, மிச்சமிருந்த மண்ணில் நரியைப் பிடித்துவைத்த மாதிரி இருந்தது. பூமிக்கு அடியில் ஒரு புழு புரண்டு படுத்தால் அதற்குக் கேட்கும். மற்ற நரிகளுக்கு நாற்பத்திரண்டு பல். இதற்கு நாற்பத்தெட்டு. அத்தனை பல்லையும் வைத்துக்கொண்டு தின்பது கறையான்.

அந்த இடத்தில் ஜமாய்த்திருந்தான். வத்சலாவே சிரித்துவிட்டாள்.

அடுத்த பக்கத்திலும் தடங்கல் இல்லை.

'பால் சுரக்கத் தாய் நிறையத் தின்றாக வேண்டும். அது இரை தேடிப் போகும். வளையில் குட்டிகளோடு இருப்பது தகப்பன். நக்கிக்கொடுப்பதும், அணைத்துத் தூங்கவைப்பதும், காவல் காப்பதும் தகப்பன்.'

இதைப் படித்தபோது குரல் தானாக ஒரு படி இறங்கியது. நல்லா இருக்கு, இப்படியே பிடிச்சுக்கங்க என்றாள் வத்சலா.

அவன் மனைவி மஸ்கட்டில் நர்ஸ். போய் மூன்று வருஷம். மகள் ஷைனிக்கு அப்போது மூன்று வயது. இரட்டைச் சடை போடுவது, காய்ச்சலுக்கு ஈரத்துணி வைப்பது, எல்லாம் அவன்தான். பேன் பார்ப்பதில் ஜில்லாவிலேயே அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

போன மாதம் மனைவி போனில் சொன்னாள். சண்டையில்லை. அழுகையில்லை.

"எனக்கு இங்கயே ஒரு வாழ்க்கை அமைஞ்சிருச்சுங்க. இனிமே என்னை எதிர்பாக்காதீங்க."

ஷைனியிடம் அவன் இன்னும் சொல்லவில்லை. தினமும் கேட்கிறாள். தினமும் அம்மா வந்துடுவா என்கிறான்.

திரையில் மறுபடியும் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

புல்லின் மேல் ஒரு கழுகின் நிழல் கடந்துபோயிற்று.

தகப்பன் நரி வளை வாசலில் நின்றது. காலிடுக்கில் நாலு குட்டிகள். காதுகளை ஒரு பக்கம் திருப்பியது. பிறகு இன்னொரு பக்கம்.

தாளில் இருப்பது மூன்றே வார்த்தை. தாய் திரும்பி வரவில்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"தாய் வந்துவிடும்" என்றான்.

விளக்கு அணைந்தது.

"சார், தாளைப் பார்த்துப் படிங்க. வரலைன்னு எழுதியிருக்கு. நீங்க என்னன்னா நரிக்கு ஜோசியம் சொல்லிட்டிருக்கீங்க."

அவன் சிரிக்க முயன்றான்.

அப்பாவின் குரல் டிவியில் வந்தால் ஷைனி சோற்றை மறந்துவிடுவாள். அவளைப் பொறுத்தவரை காடு அப்பாவின் பேச்சைக் கேட்டு நடக்கிறது. அப்பா பாய்கிறது என்றால்தான் சிறுத்தை பாயும். மழை என்றால்தான் மழை. ஒரு மான்குட்டி செத்ததற்கு இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

நீ ஏம்ப்பா அப்பிடிச் சொன்னே?

"இந்த ஒரு வரியை விட்டுடலாமா, மேடம்?"

"கழுகே வந்துட்டுப் போகுது. எப்படி சார் விடறது?" வத்சலா அவன் முகத்தைப் பார்த்தாள். குரலைத் தணித்தாள். "தண்ணி குடிச்சிட்டு வாங்க. மெதுவாப் படிக்கலாம்."

குடித்தான்.

சிவப்பு விளக்கு.

"தாய் திரும்பி வரவில்லை."

குரல் உடையவில்லை. கம்மவில்லை. மூன்று வார்த்தையும் பிசிறில்லாமல் விழுந்தன.

வத்சலா கட்டைவிரலை உயர்த்தினாள்.

திரையில் விடிந்தது. தகப்பன் நரி குட்டிகளை வெளியே கூட்டிவந்தது. தரையோடு தரையாகக் காதைத் தாழ்த்தியது. குட்டிகளும் தாழ்த்தின. கடைசிக் குட்டிக்குக் காது ஒரு பக்கம் மடிந்து விழுந்தது. தகப்பன் அதை நக்கி நிமிர்த்தியது.

மிச்சப் பக்கங்களை அவன் ஒரே மூச்சில் முடித்தான்.

ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டினான். கதவு வரை போனவன் நின்றான்.

"மேடம், இதை எப்பப் போடறாங்க?"

"அதான் சார் இவ்வளவு அவசரம். வர்ற ஞாயித்துக்கிழமை. காலைல பத்து மணிக்கு."

ஞாயிறு காலை ஷைனி டிவி முன்னால்தான் இருப்பாள். இன்று வியாழன்.

அவன் விரல்களை மடக்கிப் பார்த்தான்.

வெள்ளி. சனி.