ரோஜாப்பூ வாஷர்

இறந்துபோன அண்ணன் சுமனின் பழைய மோட்டார் சைக்கிளை வாங்க, பலாங்கொடையிலிருந்து மூன்று மணிக்கு ஆள் வருகிறது. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் விஜேந்திரன் செயின் ஓடும் இரண்டு பல்சக்கரங்களையும் ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தான்.

ஒன்றின் பின்னால் அண்ணன் தகரத்தில் வெட்டிப்போட்ட வாஷர் துருப்பிடித்திருந்தது. அதை எறிந்துவிட்டுக் கடை வாஷரைப் போட்டான். அளவுகோலான இரும்பு அடிமட்டத்தை இரண்டு சக்கரங்களுக்கும் குறுக்கே வைத்துப் பார்த்தால் மயிரிழை இடைவெளி.

சாப்பிட்டு வந்து மறுபடி வைத்தான். இடைவெளி இல்லை. சக்கரத்தைக் கழற்றினான். கடை வாஷரோடு புதிதாக ஒரு தகர வாஷர் இருந்தது. அதில் அச்சடித்த பாதி ரோஜாப்பூ.

தேத்தண்ணி போடப் போன அண்ணி துஷ்யந்தி தேயிலைத் தகர டப்பாவோடு வெளியே வந்தாள். காலையில் முழுசாக இருந்த மூடியில் வட்டமாக ஓர் ஓட்டை. விஜேந்திரன் வாஷரை அதில் வைத்தான். ரோஜா முழுசானது.

அண்ணி வண்டியைப் பார்த்தாள்.

“வர்றவர வர வேணாம்னு சொல்லிருங்க தம்பி. அவரு இன்னும் வேலைய முடிக்கல.”