கொசுறாக ஒரு பால்கனி

பக்தவத்சலம் மருந்துக் கடைக்குப் போய்விட்டுத் திரும்புவதற்குள் கோதை கப்பலை மாற்றிவிட்டாள்.

"மார்ச் கப்பல்ல இருக்கற ரூமுக்கு மேல டிக்கெட் வித்துத் தொலைச்சுட்டாளாம். அக்டோபருக்குத் தள்ளிண்டா பால்கனி வெச்ச ரூம் தராளாம். ஒரு பைசா அதிகம் இல்லை, கொசுறு. சரின்னுட்டேன்."

சொல்லிவிட்டுக் கீரையை ஆய உட்கார்ந்தாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. வாகட் தெருமுனைக் கைவண்டியில் கால் கிலோ வெண்டைக்காய் வாங்கினால் கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் கொசுறாகக் கறக்காமல் அவள் வீடு திரும்பியதில்லை. துளசிபாக் சந்தைக் கடைக்காரர்கள் அவள் தலையைக் கண்டதுமே விலையை ஏற்றிவைத்துக்கொள்வார்கள், எப்படியும் இறக்கத்தானே போகிறாள் என்று. கப்பல் கம்பெனியே வலிய வந்து பால்கனியைக் கொடுத்தால் விடுவாளா?

ஆனால், அக்டோபர்.

டாக்டர் அவளுக்கு மழைக்காலம் வரைக்கும் என்றுதான் சொல்லியிருந்தார். அதையும் உறுதியாகச் சொல்லவில்லை.

கோதைக்கு அது தெரியாது. வயிற்றில் புண் என்று பக்தவத்சலம் அவளிடம் சொல்லிவைத்திருந்தார். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, ஒரு பழைய சத்து மாத்திரை டப்பாவில் போட்டுத்தான் அவளிடம் கொடுப்பார்.

மகள் கிருஷ்ணப்ரியாவுக்கும் சொல்லவில்லை. ஹிஞ்சேவாடியில் அவளுக்கு வேலை. கம்பெனி வண்டி தினமும் இந்த வாசலைத் தாண்டித்தான் போகிறது. ஆனால் அவள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அப்பாவுக்கும் பெண்ணுக்கும் பேச்சு இல்லை. பேசாத பெண்ணைக் கூப்பிட்டு முதல் வார்த்தையாக இதையா சொல்வது?

போசரி தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்த்தே வயதைத் தீர்த்தவர் அவர். கோதையை எங்கேயும் அழைத்துப் போனதில்லை. அந்தக் குற்ற உணர்ச்சி தாங்காமல்தான் சிங்கப்பூர் கப்பலில், கிடைத்தால் போதுமென்று ஜன்னல்கூட இல்லாத அறையை எடுத்திருந்தார். அவள் நடமாடும்போதே ஒரு முறை கடலைப் பார்த்துவிட வேண்டும்.

செல்போனை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். ஸ்கூட்டர்கள் நிறுத்துமிடத்தில் ஓரமாக நின்று ஆசிஃபைக் கூப்பிட்டார். கேம்ப் கடைத்தெருவில் டிராவல்ஸ் நடத்துகிற தமிழ்ப் பையன். டிக்கெட் எல்லாம் அவன் போட்டதுதான்.

"தம்பி, பழைய கப்பலுக்கே போட்டுடுங்கோ. எங்களுக்குப் பால்கனி வேண்டாம்."

"அந்த ரூமை அப்பவே வேற பேருக்குக் குடுத்துட்டாங்க, சார். ஏப்ரல் கப்பல்லகூட அதே மாதிரி பால்கனி இருந்துச்சு. அம்மாதான் வேணாம்னுட்டாங்க. மழையெல்லாம் போகட்டும், அக்டோபரே போடுங்கன்னாங்க."

அவருக்கு எரிச்சலாக வந்தது. மழையைக் கண்டாளாம், அக்டோபரைக் கண்டாளாம். விவரம் தெரியாமல் எதையாவது செய்துவைப்பதே இவளுக்கு வேலை.

வேறு வழியில்லை. காரணத்தைச் சொன்னால்தான் இவன் கப்பல்காரர்களிடம் மன்றாடுவான்.

"அக்டோபர்ல அவளால வர முடியாது, தம்பி."

அதற்கு மேல் சொல்ல வரவில்லை. இத்தனை நாள் சொந்த பந்தம் யாரிடமும் சொல்லாததை ஒரு டிக்கெட்காரனிடம் சொல்ல நேர்ந்துவிட்டதே என்று அவமானமாகவும் இருந்தது. யாரோ வண்டியை எடுக்க வந்தார்கள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆசிஃப் குழம்பிப்போனான்.

"வர முடியாதா? இப்பதானே சார் பாஸ்போர்ட் காப்பி அனுப்புனாங்க, அவங்க ஆபீஸ்லேருந்து. கே. பக்தவத்சலம். அக்டோபருக்கு லீவுகூடச் சொல்லிட்டதா எழுதியிருக்காங்களே."

கோதை எந்த ஆபீசுக்கும் போனவள் இல்லை.

குடும்பப் பெயர் என்று கேட்கிற இடத்தில் எழுத அந்த வீட்டில் அவருடைய பெயரை விட்டால் வேறு பெயர் கிடையாது. பெண்டாட்டிக்கும் அதுதான், பெண்ணுக்கும் அதுதான். கோதையும் கே. பக்தவத்சலம்தான், கிருஷ்ணப்ரியாவும் கே. பக்தவத்சலம்தான். கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போன பிறகும் கிருஷ்ணப்ரியா அதை மாற்றிக்கொள்ளவில்லை என்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

"அம்மாதான் அவங்க பேரை எடுத்துட்டுப் பொண்ணு பேரைப் போடச் சொன்னாங்க, சார். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

மழையெல்லாம் போகட்டும் என்று ஏன் சொன்னாள் என்று இப்போது புரிந்தது. அவர் டப்பாவை நிரப்பிய அத்தனை நாளும் அவள் எல்லாம் தெரிந்துகொண்டே விழுங்கியிருக்கிறாள்.

"சார், லைன்ல இருக்கீங்களா? என்ன செய்யட்டும்?"

"அப்படியே இருக்கட்டும்" என்றார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தபோது கோதை இன்னும் கீரை முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"மாத்திட்டேளா?"

"இல்லை."

அவள் கீரைத்தண்டை ஒடித்துப் போட்டாள். பிறகு சொன்னாள்.

"மூடின இடத்துல அவளுக்குத் தலை சுத்தும். பால்கனிப் பக்கத்துக் கட்டிலை அவளுக்கு விட்டுடுங்கோ."