கூண்டுக் கதவு

ஜட்ஜ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தீர்ப்பை வாசிக்க ஆரம்பித்தார்.

எல்லாம் இங்கிலீஷ். சௌந்திரத்துக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளங்கை வேர்த்துக் கொட்டியது. முந்தானையில் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வேர்த்தது.

கூண்டுக்குள் அவள் புருஷன் சென்னிமலை கைகட்டி நின்றான். ஜெயில் சோற்றில் ஆள் பாதியாகியிருந்தான். வலது கையில் இரண்டு விரல்களுக்கு நகம் இல்லை.

அந்த நகங்கள் போன அன்று அவள் தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தாள். உள்ளேயிருந்து வந்த அலறலைக் கேட்டு வேப்பமரத்தடியில் அப்படியே குந்திவிட்டாள். கட்டின புருஷனாயிற்றே. சோற்றை உள்ளே விடவில்லை.

அன்றைக்குத்தான் அவன் ஒப்புக்கொண்டான். ஏரி வாய்க்காலில் தண்ணீர் முறைத் தகராறு, பக்கத்துக் காட்டுப் பச்சமுத்துவை மண்வெட்டியால் அடித்துக் கொன்றது நான்தான் என்று.

மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிக்கொண்டு போய் அதையே திரும்பச் சொல்ல வைத்தார்கள். அப்போதும் இன்ஸ்பெக்டர் வாசற்படியை விட்டு நகரவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லையப்பா என்று அவனிடம் ஒருவரும் சொல்லவில்லை.

தூக்குத்தான் என்று ஊரெல்லாம் பேச்சு.

மாமியார் வள்ளியாத்தாள் அதே பெஞ்சின் மறுகோடியில், மடியில் முடிந்திருந்த திருநீற்றை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நடுவில் நாலு பேர் தாராளமாக உட்காரலாம். பங்காளிகள் எல்லாரும் சுவரோரம் நின்றார்களே தவிர, சௌந்திரத்தின் பக்கம் யாரும் வரவில்லை.

முந்தின நாள் செவ்வாய்ப்பேட்டையில் சித்தப்பன் வீட்டில் தங்கினாள். ஒரு வாய் சோறு இறங்கவில்லை. நீ ஊருக்குப் போய்விடு, முடிவு எப்படியும் காதுக்கு வந்துவிடும் என்று சித்தப்பன் சொல்லிப் பார்த்தார்.

அவளால் முடியவில்லை. என்ன ஆயிற்று என்று தெரியாமல், ஊரில் தன் வீட்டில் தனியாக உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியாது.

ஜட்ஜ் கடைசித் தாளைத் திருப்பினார். சென்னிமலையின் வக்கீல் சுவாமிநாதன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சௌந்திரம் அதைக் கவனித்தாள்.

மொழிபெயர்ப்பாளர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

போலீசார் அடித்து வாங்கின வாக்குமூலம் செல்லாது. மாஜிஸ்திரேட் முறைப்படி எச்சரிக்காமல் எழுதினதும் செல்லாது. இவற்றைத் தள்ளிவிட்டால், இந்தக் கோர்ட்டு ஏற்றுக்கொள்ளக்கூடிய சாட்சியம் எதுவும் இல்லை. ஆகவே சென்னிமலை விடுதலை.

வள்ளியாத்தாள் ஜட்ஜைக் கையெடுத்துக் கும்பிட்டு வாய்விட்டு அழுதாள்.

 சௌந்திரம் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

போலீஸ்காரன் கூண்டுக் கதவைத் திறந்துவிட்டான்.

சென்னிமலை இறங்கி வந்து தாயின் காலில் விழுந்தான். பங்காளிகள் அவன் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். வக்கீலைக் கும்பிட்டான். பிறகு எல்லாரையும் விலக்கிக்கொண்டு மெதுவாக நடந்து வந்து அவள் முன்னால் நின்றான்.

முகத்தில் கோபம் இல்லை. குரல் எப்போதும்போலத் தணிந்துதான் இருந்தது.

"எந்திரி புள்ள. ராசிபுரம் பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஊட்டுக்குப் போயி வெந்நி வெச்சுக் குடு."

அவள் எழுந்திருக்கவில்லை.

கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போக இருந்த சுவாமிநாதன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார். அவள் பயத்துக்கு அவர் வேறு காரணம் நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

"உன் மேல கேசு கீசு ஒண்ணும் வராதும்மா. புருஷன் தனியா இருக்கறப்போ பெண்டாட்டிகிட்டச் சொன்னதைக் கோர்ட்டு எடுத்துக்காது, அதுதான் சட்டம். நேத்து நீ ஏறிச் சொன்னதை ஜட்ஜ் தள்ளிட்டார். சொல்லாத மாதிரிதான். தைரியமாப் போ."

முந்தின நாள் சர்க்கார் தரப்பில் சாட்சிக் கூண்டில் ஏறினவள் சௌந்திரம்தான். சத்தியம் பண்ணிவிட்டு, கேட்டதற்கு உள்ளதைச் சொன்னாள்.

பொழுது சாயக் காட்டிலிருந்து வந்தாருங்க. பச்சமுத்துவக் கொன்னுபோட்டேன், வெந்நி வெச்சுக் குடுன்னு சொன்னாருங்க.

அதற்குமேல் சுவாமிநாதன் அவளைப் பேச விடவில்லை. எழுந்து நின்று ஆட்சேபித்தார். ஜட்ஜும் கையைக் காட்டி நிறுத்தினார்.

எதிர்க் கூண்டில் சென்னிமலை கைகட்டி நின்று ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எந்திரி" என்றான் இப்போது மறுபடியும்.

ஜட்ஜ் உள்ளே போய்விட்டார். ஆனால் போலீஸ்காரன் இன்னும் கூண்டருகில்தான் நின்றான். வாசலில் ஜனம் இருந்தது. இந்த இடத்தை விட்டு இறங்கிவிட்டால் பிறகு எங்கேயும் தன்னால் அதைச் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"நீங்க போங்க. நான் வரலீங்க."

சென்னிமலை சரி என்பதுபோலத் தலையை ஆட்டினான்.

தாயையும் பங்காளிகளையும் முன்னால் போகச் சொல்லிக் கை காட்டினான். அவர்கள் போனார்கள். வக்கீலும் போனார். கூண்டருகில் நின்ற போலீஸ்காரன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனான்.

சென்னிமலை போகவில்லை. வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, அந்தப் பெஞ்சிலேயே அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

கோர்ட்டுச் சேவகன் டவாலி அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டு வந்தான்.