எத்திராஜின் உள்ளங்கை

லாயத்தில் தினமும் காலையில் எத்திராஜ் பந்தயக் குதிரையின் விலாவில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சத்துப்பொடி தின்று, ஓட்டப் பயிற்சியில் கொழுப்பு கரைந்து, அழுத்தாமலே எலும்பு தட்டுப்பட்டால், "ரெடி சார்" என்பார். பயிற்சியாளர் தராசைக்கூட நம்பமாட்டார், அந்தக் கையை நம்புவார்.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் மனைவி நவநீதம் அதே கையை இழுத்துத் தன் விலாவில் வைத்துக்கொண்டாள். அவளும் மூன்று மாதமாகப் பாலில் சத்துப்பொடி கலந்து குடிக்கிறாள்.

"சொல்லுய்யா, ஒடம்பு கொஞ்சமாச்சும் தேறிக்குதா?"

அழுத்தத் தேவையே இருக்கவில்லை.

"ரெடி" என்று பழக்கத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது.

"எந்த ரேசுக்குய்யா?" என்று கேட்டுவிட்டு, நவநீதம் அந்தக் கையைத் தடவிக்கொடுத்தாள், மிரண்ட குதிரையை அவர் தடவுவாரே, அப்படி.