பிஸ்டனுக்கு ஒரு கையெழுத்து

காலை வெயில் பட்டறை ஜன்னல் வழியாக நீள மேசையில் விழுகிறது. ஐந்நூறு தோட்டா வீதம் சுட்டு முடித்த இரண்டு ரைபிள்கள் அதில் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன; இரும்பில் இன்னும் சூடு ஆறவில்லை. பட்டறையில் துப்பாக்கி பராமரிக்கும் அண்ணன் தங்கை இருவரில், பிஸ்டன் ரைபிள் அண்ணன் பராமரிப்பது. வெடித்த புகை முன்பக்கமே பிஸ்டன் என்னும் தண்டைத் தள்ளிவிட்டு வெளியேறிவிடுவதால் அதன் உள்பாகம் பளிச்சென்றிருக்கிறது. புகையை நேராக உள்ளே வாங்கிக்கொள்ளும் மற்றது தங்கையின் பத்து வருடச் செல்லம். அதில் தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டைத் துடைத்த வெள்ளைத் துணியை, கரி அப்பிய பக்கம் நன்றாகத் தெரியும்படி எந்த ரைபிளை வாங்குவது என்று தேர்வுசெய்ய வெளியிலிருந்து வந்திருக்கும் அதிகாரி முன் அவளே விரிக்கிறாள். பக்கத்தில் இருவரும் குறிபார்த்துச் சுட்ட தாள்கள். அவளுடைய துளைகள் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும்; அண்ணனுடையவை உள்ளங்கை அகலத்துக்குச் சிதறியிருக்கின்றன. "எதை வாங்கலாம்?" என்கிறார் அதிகாரி. "குறின்னு பார்த்தா என்னோடதுதான் சார். ஆனா இது மலைக்காவலுக்குப் போகுது. அங்க வாரக்கணக்கா துடைக்க நேரம் இருக்காது. பிஸ்டனைக் குடுங்க." சொல்லிவிட்டு அவள் அறிக்கையில் கையெழுத்துப் போடக் குனிகிறாள். எந்த ரைபிள் சிறந்தது என்று மூன்று மாதமாகச் சாப்பாட்டு வேளையில்கூட விடாமல் நடந்த சண்டையில் அண்ணன் ஜெயித்துவிட்டான். ஆனால் அவன் தன் ரைபிளைப் பார்க்கவில்லை. பேனா பிடித்த அவளுடைய கறுத்த விரல்களையே பார்த்து நிற்கிறான். "தன்னோடதையே வேண்டாம்னு எழுதுறாங்களே, யாருங்க இவங்க?" என்று அதிகாரி அவன் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்கிறார். அவன் பட்டறை முழுக்கக் கேட்கும்படி சொல்கிறான்: "என் தங்கச்சி சார்!"