பெரியப்பாவுக்குப் பால் ஊத்தின கதை

கருவாயன் எட்டாவது ஸ்பூன் பாலை ஊத்தினதும் செத்துப்போகவேண்டிய பெரியப்பா பூனை கண்ணைத் திறந்துட்டாரு. அங்கதான் எல்லாம் கெட்டுச்சு!

பைக்ல அடிபட்டு அஞ்சு நாளா முனகிட்டே கிடந்தாரு மனுஷன், ச்சே, பூனை! தம்பி மகன் கருவாயனால பார்க்க முடியல. ஆந்தை டாக்டரம்மாகிட்ட ஓடினான்.

"ஒரு ஊசி போட்டு நிம்மதியா அனுப்பிடுங்கம்மா, பாவம்."

"அவரைக் கேட்டியா?"

"முனகுறவர்கிட்ட என்னத்தம்மா கேக்குறது?"

"அப்போ நான் போடமாட்டேன்"னுட்டு, வலிக்கு மட்டும் மருந்து குடுத்தாங்க டாக்டரம்மா.

சரி, உயிர் தானா பிரியட்டும்னு சொந்தக்காரங்க எல்லாரும் வரிசையா வந்து கடைசிப் பால் ஊத்தினாங்க. ஆளுக்கு ஒரு ஸ்பூன். ஏழு பேர் அழுதுட்டே ஊத்திட்டு நகர்ந்தாங்க. கடைசியா வந்தவன்தான் கருவாயன்.

பெரியப்பா மீசையை நக்கிக்கிட்டாரு.

"ஏன்டா நிறுத்திட்ட? ஊத்து! அஞ்சு நாளா பசிக்குதுன்னுதானேடா முனகுறேன்."

"பெரியப்பா... நாங்க உங்களுக்கு வலிக்குதுன்னு..."

"வலிக்கத்தான் செய்யுது. அதுக்குச் சோறு போடமாட்டியா?"

கருவாயன் பால் கிண்ணத்தையே அவர் பக்கம் தள்ளினான்.

உங்க வீட்லயும் யாருக்காச்சும் இப்படி அவசரப்பட்டுப் பால் ஊத்தப் போயிருக்கீங்களா? நிஜமா சொல்லுங்க!